ஒருவரும் வாசிக்காத விடைத்தாள்

வெள்ளிக்கிழமை காலை ஹனீபாவின் மகன் தொலைபேசியில் கூப்பிட்டார். "அங்கிள், வாப்பா மௌத்தாகிட்டாங்க. ஜும்ஆவுக்குப் பிறகு அடக்கம்." பிறகு என்ன பேசினோம் என்று நினைவில்லை. 

புறக்கோட்டைத் துணிக்கடை ஹனீபா ஹாஜியாரை உங்களில் பலருக்குத் தெரியும். பேரம் பேசினால் சிரிப்பார். விலை மட்டும் இறங்காது. நான் அறிந்த ஹனீபா வேறு. வெள்ளைக்காரன் ஆண்ட நாளில், இரண்டாம் உலக யுத்தம் நடந்த ஆண்டுகளில், லண்டன் பட்டத்துக்காகக் கொழும்பில் என்னோடு சேதன இரசாயனம் படித்தவன். அவன் என்றே எழுதுகிறேன். நான் 'அவர்' என்றால் அவனுக்கே பிடிக்காது.

நான் பாடமாக்குகிற ரகம். பென்சீன் வளையத்தில் நைட்ரோ கூட்டம் ஒன்று இருந்தால், அடுத்து வருவது பக்கத்து மூலையை விட்டு ஒன்று தள்ளி, 'மெட்டா' இடத்தில் உட்காரும் என்று புத்தகம் சொன்னால் எனக்கு அது போதும். அவனுக்குப் போதாது. ஏன் தள்ளி உட்கார வேண்டும்? இலெக்ட்ரோன் நகரும் வழியை வளைந்த அம்புக்குறியால் காட்டும் முறை அப்போதுதான் எங்கள் பக்கம் வந்திருந்தது. அதை உடும்புப் பிடியாகப் பிடித்துக்கொண்டான். "பேரப் பாடமாக்காத மச்சான். இலெக்ட்ரோன் எங்க போகுதெண்டு கேளு. மத்ததெல்லாம் பின்னால வரும்" என்பான்.

கொட்டாஞ்சேனையிலிருந்து வெள்ளவத்தையில் என் போடிங் அறைக்கு வருவான். குண்டு விமானங்களுக்குப் பயந்து, வெளிச்சம் வெளியே தெரியக்கூடாதென்று சன்னல்களில் கறுப்புத் தாள் ஒட்டிய காலம் அது. எட்டும் தூரத்தில் கடல் இருந்தும் காற்றில்லை. பெட்டிக்குள் அடைத்த மாதிரி வேர்த்து ஒழுகும். அந்தத் தாள்தான் எங்கள் கரும்பலகை. "தம்பிமார், சன்னலையும் விட்டு வைக்க மாட்டியளோ?" என்று வீட்டுக்கார அம்மா ஏசுவார். ஒருநாள் அழித்து அழித்துத் தாள் கிழிந்துவிட்டது. தெருவில் வெளிச்சம் பார்த்து வரும் காவற்காரனின் ஊதல் கேட்டது. ஹனீபா ஓடிப்போய்க் கிழிசலில் முதுகை வைத்து அடைத்தான். அசைய முடியாது. அப்படியே நின்று, "நீ தரையில கீறு, நான் சொல்றேன்" என்றான். மெட்டா விளைவு எனக்குப் புரிந்தது அன்றைக்குத்தான்.

பரீட்சை எழுதினோம். அந்தக் கேள்வியே வந்தது. முழுப் பக்கம் எழுதியதாகச் சொன்னான். அவன் முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்ததில்லை. அவனுடைய வாப்பா ஒரே ஒரு தவணைதான் கொடுத்திருந்தார்: பாஸானால் படிப்பு, இல்லாவிட்டால் கடை. விடைத்தாள்கள் லண்டனில் திருத்தப்படுவதற்காகக் கப்பலேறின. மாதக்கணக்கில் காத்திருந்தோம். பாஸுமில்லை, பெயிலுமில்லை. வேலைக்கும் போக முடியாது, மேலே படிக்கவும் முடியாது. கடைசியில், கப்பல் மூழ்கிவிட்டது, மறுபடி எழுத வேண்டும் என்றார்கள்.

அவனுக்காகப் பரிந்து பேச நான் கடைக்குப் போனேன். வாப்பா முதலில் தேத்தண்ணி குடிக்கச் சொன்னார். பிறகு, "மகன், என்ட துணிப் பேல்களும் அந்தக் கடல்லதான் கெடக்கு. நான் ஆர்ட்டப் போய்க் கேக்கிறது? யாவாரத்தில அனுப்பின சரக்கு வந்து சேரல்லண்டா நட்டம்தான்" என்றார். ஹனீபா பக்கத்தில் நின்று துணி மடித்துக்கொண்டிருந்தான்.  அந்த மனிதர் மேல் எனக்கு வந்த கோபம் இன்றைக்கும் முழுதாக ஆறவில்லை. அவர் கெட்டவர் அல்ல என்பதுதான் அதைவிடக் கொடுமை.

நான் திரும்ப எழுதினேன், பாஸானேன், இரசாயனம் படிப்பித்தே காலத்தை ஓட்டினேன். அவன் கடையிலேயே இருந்தான். நான் போகும்போதெல்லாம் என்னைக் கல்லாவுக்குப் பக்கத்தில் இருத்தி, புதிதாக என்ன கண்டுபிடித்திருக்கிறார்கள் என்று விசாரிப்பான். வருத்தப்பட்டு அவன் பேசியது ஒரே தடவைதான். "பெயிலாகியிருந்தாலும் மனசு ஆறியிருக்கும் மச்சான். அத ஒத்தரும் வாசிக்கவே இல்ல."

என்னிடம் படித்தவர்கள் சொல்லிச் சிரிப்பதுண்டு, சார் விடைத்தாள் திருத்த ஒரு யுகம் எடுப்பார் என்று. உண்மைதான். முதல் வரியே பிழையென்று தெரிந்தாலும், பிள்ளை எந்த வழியால் யோசித்துப் போயிருக்கிறான் என்று கடைசி வரி வரைக்கும் பார்த்துவிட்டே மூடுவேன். ஹனீபாவிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தப் பழக்கம். அவனுடைய தாளைத்தான் என்னால் வாசிக்க முடியவில்லை.