சஷ்டி மோரும் அம்மாவின் மாத்திரையும்

தொண்ணூறுகளில் பாளையங்கோட்டைக் கல்லூரி ஒன்றில் நான் செய்த ஆராய்ச்சி தயிரைப் பற்றியது. பால் உறைந்து புளிக்கும்போது அதன் புரதம் சிறு துண்டுகளாக உடையும், பெப்டைடு என்பார்கள். அவற்றில் சில, இரத்தக் குழாயை இறுக்கிப் பிரஷரை ஏற்றும் நொதியைத் தடுக்கும். சோதனைக் குழாயில் அதைக் கண்ணால் பார்த்த அன்று வீட்டுக்கு வந்து தலைகால் புரியாமல் அம்மாவிடம் சொன்னேன். கணக்கு டீச்சர் அவள். கேட்டுவிட்டு நோட்டுத் திருத்தப் போய்விட்டாள்.

ஐப்பசியில் கந்த சஷ்டி வந்தது. ஆறு நாளும் மோர் மட்டும் குடித்து விரதம் இருப்பது அவள் வழக்கம். இரண்டாம் நாள் காலையில் பார்க்கிறேன், பிரஷர் மாத்திரை அட்டை பிரிக்காமல் கிடக்கிறது.

"எம்மா, மாத்திரை போடலியா?"

"விரதத்துல மாத்திரை எதுக்குட்டி? மோருக்குள்ளயே மருந்து இருக்குன்னு நீதான சொன்ன!" பிடரியைத் தேய்த்துக்கொண்டேதான் சொன்னாள்.

எனக்கு வந்த ஆத்திரம்! அவள் மோர்ச் செம்பை எடுத்து அண்ணாந்து ஒரு மடக்கு குடித்தேன். மயக்கம் வராமலிருக்கக் கல்லுப்பை அள்ளிப் போட்டிருந்தாள்.

"இந்த உப்பு ஒண்ணு போதும், பிரஷர் ஏற. நான் பாத்தது சோதனைக் குழாய்க்குள்ளம்மா. வயித்துக்குள்ள போனா அந்தத் துண்டு முழுசா நிக்குமா, எவ்வளவு குடிச்சா கேக்கும், ஒண்ணும் தெரியாது."

"தெரியாமத்தான் இத்தன நாளா காலேஜுக்குப் போயிட்டு வாரியாக்கும்?"

எனக்குப் பயமாக இருந்தது. அப்பாவைக் கொண்டுபோனதும் இதே பிரஷர்தான்.

"சரி, நீ மாத்திரை போடுத வர நானும் சாப்பிட மாட்டேன்" என்று அடுப்படி வாசலில் உட்கார்ந்துவிட்டேன். காலை இட்லியை ஒருநாளும் தவறவிடாதவள் நான். அம்மா சிரித்தாள். மத்தியானம் திட்டினாள். "இது விரதமாட்டி? மிரட்டலு!" நான் அசையவில்லை. கண் இருட்டிக்கொண்டு வந்தது, அப்போதும் அசையவில்லை.

விளக்கு வைக்கிற நேரத்தில் அம்மா எனக்கு ஒரு தட்டில் சோறு போட்டு வந்து எதிரே உட்கார்ந்தாள். தனக்குச் செம்பில் உப்பில்லாத மோர். அட்டையைப் பிரித்து மாத்திரையை வாயில் போட்டாள்.

"உன் பட்டினிக்குப் பயந்து முழுங்கல கேட்டியா. நீ தெரியாதுன்னு சொன்னதக் கண்டுபிடிச்சு முடிக்குத வரைக்கும் நான் இருக்கணும்லா? தின்னு."