முதல் தண்ணீர்

ஒரு போத்தலில் தண்ணீர் பிடிப்பதற்கு இத்தனை விதமாகப் பிழை விடலாம் என்பதை எங்கள் ஒழுங்கையில்தான் கண்டேன்.

குடிதண்ணீரில் ஈயம் கலந்திருக்கிறதா என்று பார்க்க, பெண்கள் நாங்கள் ஐந்து பேர் சேர்ந்து ஆய்வுகூடத்துக்கு அனுப்ப வீட்டுக்கு ஒரு போத்தல் கொடுத்தோம். பழைய குழாய்களிலிருந்து ஈயம் கசியும். காய்ச்சினாலும் போகாது. சின்னப் பிள்ளைகளின் மூளையைத்தான் முதலில் பிடிக்கும். குழாயில் நிற்கிற தண்ணீரில்தான் அது சேரும், ஓடவிட்டால் குறைந்துவிடும்; ஆகவே சோதிக்க இரவு முழுக்க நின்ற தண்ணீர் வேண்டும். காலையில் வேறு எவரும் பைப்பைத் திறக்குமுன், சமைக்கிற குசினிக் குழாயில் முதலாவதாக வருவதைப் பிடிக்க வேண்டும். இவ்வளவுதான். வாய் நோகச் சொன்னேன்.

முதல் வீட்டில் போத்தலைச் சவர்க்காரம் போட்டு மூன்று தரம் கழுவியிருந்தார்கள். அடுத்த வீட்டுப் போத்தல் இளஞ்சூடாக இருந்தது, காய்ச்சி ஆற்றியதாம். மூலை வீட்டுச் சாச்சி கடையில் வாங்கிய தண்ணீரை ஊற்றித் தந்தார். நான் முகத்தைச் சுளித்ததும், "டெஸ்டுக்குப் போற தண்ணிய ஊத்தயாக் குடுக்கிறதா மகள்?" என்று என்னையே கேட்டார். சுபஹ் தொழுகைக்கு எழும்பி, வுழு எடுத்துவிட்டு மிச்சத்தைப் பிடித்தவர்கள் பாதிப் பேர். கை கால் கழுவிய தண்ணீர் கொஞ்சம்தானே என்றார்கள். ஒருவர் விடாமல் ஏசினேன். புதுப் போத்தல்களைக் கொடுத்துவிட்டு, மறுநாள் விடியுமுன் நம்பிக்கையில்லாத வீடுகளின் வாசலில் நானே போய் நின்றேன். எங்கள் வீட்டுப் போத்தலைக் கணவரிடம் விட்டுவிட்டுப் போனேன்.

முடிவு வந்தது. எங்கள் வீட்டுத் தண்ணீரில் ஈயம் இல்லை. வாப்பா எனக்குச் சீதனமாகக் கட்டித் தந்த பழைய வீடு அது. அப்போது என் மகள் பிள்ளை பெற்று எங்களோடு இருந்தாள். தாய்ப்பால் போதாமல் குழந்தைக்குப் பால்மா கரைத்தோம். முடிவு வரும்வரை, ஆய்வுகூடத்தில் எங்களுக்குச் சொல்லித் தந்தபடி, குழாயைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டுத்தான் கேத்தலில் பிடித்தேன். பிறகு எதற்கு வீணாக்குவது என்று, எழும்பியதும் முதல் தண்ணீரையே பிடித்தேன்.

மூன்று கிழமை கழித்து ஒரு காலையில், குசினி வாசலில் நின்ற கணவர், கொஞ்சம் ஓடவிட்டுப் பிடி என்றார். நல்ல தண்ணீர்தானே, முடிவைப் பார்க்கவில்லையா என்று எரிந்து விழுந்தேன். அவர் தொப்பியைக் கழற்றி மடித்தார்.

"அண்டைக்கு வுழு எடுத்துட்டுத்தான் போத்தல நிரப்பின நான். சொன்னா ஏசுவாய் எண்டு சொல்லல்ல."

முதுகு நோவால் குனிய முடியாத மனிதர். அவர் வுழு எடுப்பது குசினித் தொட்டிக் குழாயில்தான் என்பது எனக்குத் தெரியாததல்ல. நல்ல முடிவு வந்த வீடுகளில் நான் பக்கத்தில் நிற்காத வீடுகள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. என் ஏச்சுக்குப் பயந்தவர் இவர் ஒருவர்தானா?

மறுநாள் என் கையாலேயே பிடித்து அனுப்பிய போத்தலில் ஈயம் இருந்தது.

மகளிடம் சொன்னேன். கத்துவாள் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே, "நீங்கதானே உம்மா நல்ல தண்ணி எண்டு சொன்ன" என்றாள்.

பிறகு என் கையிலிருந்த கேத்தலை வாங்கிக்கொண்டாள். இன்றுவரை பால் கரைக்க அவள் என்னை விடுவதில்லை.