கும்மிடிப்பூண்டியில் ஒரு பல்கேரியத் தலையாட்டல்

கடம்பத்தூரில் காலை ஐந்து இருபதுக்கு ரயில் ஏறும்போதே எனக்குத் தெரியும், ஒரு பொய்யைச் சுமந்துகொண்டுதான் கிளம்புகிறேன் என்று. முந்தைய நாள் மாலை, மொழிபெயர்ப்பாளர்களை அனுப்பி வைக்கும் ஏஜென்சிக்காரர் போன் செய்தார். "சார், கும்மிடிப்பூண்டி சிப்காட்ல தகடு வளைக்கிற பிரஸ் ஒண்ணு ஓட்டிக் காட்டணும். ரெண்டு ஃபாரினர் வந்திருக்காங்க. ஒருத்தர் பல்கேரியா, ஒருத்தர் ஸ்லோவாக்கியா. இங்கிலீஷ் பேசற அவங்க இன்ஜினியர் ஜுரத்துல ஹோட்டல்ல படுத்துட்டாரு. நீங்க ரஷ்யன் சொல்லித் தர்றீங்கல்ல? எல்லாம் ஒரே பாஷை மாதிரிதானே சார்?"

ஒரே பாஷை இல்லை. அண்ணன் தம்பி பிள்ளைகள் என்று வேண்டுமானால் சொல்லலாம். ரஷ்ய மொழி கிழக்குக் கிளை, ஸ்லோவாக் மேற்குக் கிளை, பல்கேரியன் தெற்குக் கிளை. இருபத்திரண்டு வருடமாக இதை வகுப்பில் சொல்லித் தருகிறவன் நான். ஆனால் என் வாய், "சமாளிச்சுடலாம்" என்று சொல்லிவிட்டது. சொன்ன பிறகு பின்வாங்குகிற பழக்கம் எனக்கில்லை. நல்ல பழக்கமா கெட்ட பழக்கமா என்று அன்று பகல் முழுக்க யோசிக்க வேண்டியதாயிற்று.

சாலை வழியாகப் போனால் கும்மிடிப்பூண்டி அறுபது கிலோமீட்டருக்குள். ரயிலில் போனால் பேசின் பிரிட்ஜ் வரை வந்து, வண்டி மாறி, மறுபடி வடக்கே ஏற வேண்டும், தொண்ணூறுக்குப் பக்கம். சுற்றுதான், ஆனால் உட்கார்ந்து படிக்கலாம். போனில் ஸ்லோவாக் சொற்பட்டியல் ஒன்றைத் திறந்து மனப்பாடம் செய்துகொண்டே வந்தேன். மீஞ்சூரில் கூடையோடு ஏறிய மீன்காரம்மா என் உதட்டசைவைப் பார்த்து, ஜபம் செய்கிறேன் என்று நினைத்தோ என்னவோ, காலை ஒடுக்கி இடம் விட்டார்.

8.10. ஸ்டேஷன் வாசலில் பைக்கோடு நின்றிருந்தவர் நாகராஜ். முப்பது வயதிருக்கும். ஆரம்பாக்கம் பக்கத்து ஆள், பிரஸ் ஓட்டும் ஆபரேட்டர், காண்ட்ராக்டில் ஆறு வருடம். "நாஷ்டா துன்னியா சார்? வா, இங்கயே முடிச்சுக்கலாம்" என்று தள்ளுவண்டிக்கு அழைத்துப் போனார். நாலு இட்லி, ஒரு வடை, நாற்பது ரூபாய். கடைக்கார அம்மாவிடம் நாகராஜ் தெலுங்கில் கேட்டார். அம்மா தமிழில் பதில் சொன்னார். இரண்டு பேரும் தங்கள் பாஷையை விட்டுக் கொடுக்கவில்லை, சட்னி மட்டும் சரியாக வந்தது.

"உனக்குத் தெலுங்கு யாருப்பா சொல்லிக் கொடுத்தது?"

"யாரும் இல்ல சார். ஊட்டுல அம்மா தெலுங்கு, நைனா தமிழு. கண்ணு, காலு, பாலு எல்லாம் ரெண்டுலயும் ஒண்ணுதான? மீதி பழகிக்கினது." பிறகு குரலைத் தாழ்த்தினார். "சார், ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காத. இன்னிக்கி இந்த பிரஸ் ஒழுங்கா ஓடிச்சின்னா என்ன பர்மனென்ட் பண்றேன்னுக்கிறாங்க. அவங்க இன்னா சொல்றாங்களோ அப்டியே எனக்கு கரெக்டா சொல்லிடு. அது போதும்."

வடையைப் பிட்டுக்கொண்டே போனில் அந்தச் சொற்பட்டியலை மறுபடி திறந்தேன்.

9.00. ஷெட்டுக்குள் பிரஸ் இரண்டு ஆள் உயரத்துக்கு நின்றது. மேலிருந்து ஒரு பெரிய இரும்புப் பாளம் இறங்கி, கீழே வைத்த தகட்டை அழுத்தி வளைக்கும். ஸ்தோயன் பல்கேரிய ஃபிட்டர். அறுபது வயது, நரைத்த மீசை. மிலான் ஸ்லோவாக் எலக்ட்ரீஷியன். ஸ்தோயனைவிட இரண்டு வயது சின்னவர், ஒல்லி. இருவரும் பதினொரு வருடமாகச் சேர்ந்து ஊர் ஊராக மெஷின் நிறுவித் தருகிறவர்கள். இருவருமே பள்ளிக்கூடத்தில் கட்டாயமாக ரஷ்யன் படித்து, ஆசையாக மறந்தவர்கள். நான் ரஷ்ய மொழியில் வணக்கம் சொன்னதும், பழைய வாத்தியாரைத் தெருவில் பார்த்தவர்கள் போல நெளிந்தார்கள்.

10.30, டீ. இவர்கள் எப்படிப் பேசிக்கொள்கிறார்கள் என்பதைத்தான் நான் கவனித்துக்கொண்டிருந்தேன். ஸ்தோயன் பல்கேரியனில் பேசுவார், மிலான் ஸ்லோவாக்கில் பதில் சொல்வார். தள்ளுவண்டிக் கடையேதான். தண்ணீருக்கு மூன்று மொழியிலும் 'வோதா'. இரும்பும் சாவியும் கையும் காதால் கேட்டாலே புரிகிற அளவுக்கு ஒன்று. ஆனால் எண்ணெய்க்கு ரஷ்யனிலும் பல்கேரியனிலும் 'மாஸ்லோ', ஸ்லோவாக்கில் 'ஒலெய்'. பிரஸ்ஸுக்கு உயிரான சொல் அழுத்தம். அது 'தவ்லேனியே', 'நல்யாகனே', 'த்லாக்' என்று மூன்றிலும் மூன்று தினுசு. வீட்டுக்குள் இருக்கிற சொற்களெல்லாம் உறவு, தொழிற்சாலைக்குள் வந்தால் அந்நியம். "மெதுவாகப் பேசினால் அவன் சொல்வதில் பாதி புரியும்" என்றார் மிலான், உடைந்த ரஷ்யனில். "மீதிப் பாதி?" என்று கேட்டேன். ஸ்தோயனின் முகத்தைச் சுட்டிக் காட்டினார். நான் அதை நகைச்சுவை என்று நினைத்துச் சிரித்தேன்.

11.40. முதல் ஓட்டம். நாகராஜ் பட்டன் பெட்டியருகே. அங்கிருந்து பார்த்தால் பிரஸ்ஸின் முன்பக்கம் தெரியாது, நடுவில் தூண். ஸ்தோயன் முன்னால் மண்டியிட்டு அடித்தட்டைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். இருவரையும் பார்க்கக்கூடிய மூலையில் நான் நின்றேன். ஆள் மெஷின் பக்கம் இருந்தால் அதன் சாவி அவர் சட்டைப்பையில் இருக்க வேண்டும் என்பது அந்த ஷெட்டின் விதி. அன்றைய அவசரத்தில் சாவி பெட்டியிலேயே தொங்கியது. யாரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

கம்ப்ரஸர் சத்தத்தில் பேச்சு எடுபடவில்லை. "ஆரம்பிக்கலாமா?" என்று ரஷ்யனில் கத்தினேன். ஸ்தோயன் திரும்பிப் பார்த்து, தலையை மேலும் கீழுமாக இரண்டு தரம் அசைத்தார். நான் நாகராஜ் பக்கம் திரும்பி, "சரின்றாரு, போடு" என்று கத்தினேன்.

பாளம் ஒரு முழம் இறங்கியிருக்கும். எண்ணெய்த் தொட்டியருகே இருந்த மிலான் என்னை இடித்துத் தள்ளிக்கொண்டு பாய்ந்து சிவப்புப் பட்டனை அடித்தார். பாளம் நின்றது. ஸ்தோயன் கையை இழுத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தார். துணி மட்டும் உள்ளே கிடந்தது.

மிலான்தான் விளக்கினார், ஒவ்வொரு சொல்லாகத் தேடி. ஸ்தோயன் ஊரில் தலையை மேலும் கீழும் ஆட்டினால் 'இல்லை', பக்கவாட்டில் ஆட்டினால் 'ஆமாம்'. வெளிநாட்டுக்காரர்களோடு இருக்கும்போது மரியாதைக்காக மாற்றி ஆட்டிக்கொள்வார். காலை முழுக்க அப்படித்தான் ஆட்டியிருக்கிறார். பதற்றத்தில் மட்டும் சொந்தத் தலை வந்துவிடும். பல்கேரியர்களின் இந்த வழக்கத்தை நான் எப்போதோ படித்திருக்கிறேன். படித்தது வேறு, மூலையில் நிற்கும்போது ஞாபகம் வருவது வேறு. சொற்களுக்கு அத்தனை பட்டியல் போட்டவன், தலையைத் தமிழ்த் தலை என்றே நினைத்து மொழிபெயர்த்துவிட்டேன்.

12.15. பிளான்ட் மேனேஜர் அறை. அவருக்குக் கிடைத்த செய்தி ஒரு வரிதான்: ஆள் கை உள்ளே இருக்கும்போது நாகராஜ் பட்டனைப் போட்டான். "காண்ட்ராக்டர கூப்பிட்டாச்சு. இவன் நாளைலேர்ந்து வர வேணாம்" என்றார். நாகராஜ் அங்கேயே நின்றிருந்தார். என்னைக் கை காட்டவில்லை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

"சார், போடுன்னு சொன்னது நான். அவர் வேணாம்னு சொன்னத நான் சரின்னு மாத்திச் சொல்லிட்டேன். அனுப்பணும்னா என்ன அனுப்புங்க."

"நீங்க ஒரு நாள் வந்துட்டுப் போறவரு. உங்களுக்கென்ன சார்?"

"ரெண்டாவது ட்ரயல் முடியாம நான் போகமாட்டேன். உண்மையச் சொல்றேன், எனக்கு இவங்க பாஷை ரெண்டும் தெரியாது. ரஷ்யன வச்சு ஒட்டுப் போடறேன். இனிமே என்ன செய்யணும்னு மட்டும் தெரியும்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். ரெண்டாவது ட்ரயலுக்கு ஆபரேட்டர் யாரென்று அப்புறம் பார்க்கலாம் என்று சொல்லி அனுப்பிவிட்டார். வெளியே வந்ததும் நாகராஜ், "இன்னா பேஜாரு சார் இது" என்றார். கண் கலங்கியிருந்தது. எனக்கும்தான்.

பகல் சாப்பாட்டை விட்டுவிட்டு சாக்பீஸ் எடுத்தேன். ஸ்தோயனின் தலையாட்டல் கதையை நாகராஜுக்கும் சொன்னேன். இனி தலைக்கு இங்கே வேலையில்லை. வலது கை முழுசாக மேலே தூக்கினால் 'போடு', இரண்டு கையும் குறுக்கே வைத்தால் 'நிறுத்து'. படமாக வரைந்து, கீழே ஸ்தோயனுக்கு ரஷ்ய எழுத்திலும் மிலானுக்கு லத்தீன் எழுத்திலும் நாகராஜுக்குத் தமிழிலும் எழுதினேன். சாவி ஸ்தோயன் பையில். பத்து தடவை ஒத்திகை பார்த்தோம். நம் ஆட்கள் பாடு இருக்கிறதே, கையைத் தூக்கும்போதே தலையும் கூடவே ஆடுகிறது! நாகராஜ் கடைசியில் இடது கையால் தன் தாடையைப் பிடித்துக்கொண்டு வலது கையைத் தூக்கினார். ஸ்தோயன் வயிறு குலுங்கச் சிரித்தார். பதினொன்று நாற்பதுக்குப் பிறகு அவர் சிரித்தது அப்போதுதான்.

3.30. மேனேஜர் வேறொரு ஆபரேட்டரைக் கூட்டிக்கொண்டு வந்தார். "பட்டன்ல இவர் நிப்பாரு. இல்ல, அந்தப் பழைய ஆளே வேணுமான்னு கேளுங்க." ஸ்தோயனிடம் ரஷ்யனில் கேட்டேன், சொல் சொல்லாக: உங்களுக்கு நாகராஜ்தான் வேண்டுமா?

ஸ்தோயன் சாவியைப் பையிலிருந்து எடுத்தார். நாகராஜைப் பார்த்தார். தலையை இடமும் வலமுமாக, மெதுவாக, மூன்று தரம் ஆட்டினார்.

"பாத்தீங்களா, வேணாங்கறாரு" என்றார் மேனேஜர்.

நான் வாயைத் திறப்பதற்குள் நாகராஜ் பட்டன் பெட்டிக்கு நடக்க ஆரம்பித்திருந்தார்.

ஸ்தோயன் அவர் பின்னாலேயே போய்ச் சாவியை அவர் உள்ளங்கையில் வைத்தார். முன்பக்கம் வந்து, தள்ளி நின்று, வலது கையைத் தூக்கினார். அதை நான் கத்திச் சொல்ல, பாளம் இறங்கியது. வளைந்து வந்த தகட்டை மேனேஜர் இரண்டு பக்கமும் புரட்டிப் பார்த்தார். "இருக்கட்டும், இவனே நிக்கட்டும்" என்றார். பர்மனென்ட் என்ற சொல்லை அன்று அவர் சொல்லவில்லை. நாகராஜும் கேட்கவில்லை.

6.20 வண்டியில் திரும்பினேன். ஊர் வந்து சேர ஒன்பது மணி ஆயிற்று. ஏஜென்சிக்காரர் மறுபடி போன் செய்து, "நாளைக்கும் போறீங்களா சார்?" என்றார். போகிறேன் என்றேன். எதிரே சாப்பாட்டுத் தட்டோடு நின்ற என் மனைவி, "நாளைக்கும் அங்கதானா?" என்று கேட்டாள். நான் வலது கையை முழுசாக மேலே தூக்கினேன்.