குவைத்திலிருந்து கூட்டத்துக்கு வந்த அம்மா

மூன்று வருடங்களுக்கு முன், இலங்கை மலையகத்தில் நோர்வூட் பக்கம் நான் படிப்பிக்கும் தேயிலைத் தோட்டப் பாடசாலையில் முதல் தடவையாக உயர்தர விஞ்ஞான வகுப்பு தொடங்கினோம். பிள்ளைகளைச் சேர்க்கும் பொறுப்பு என் தலையில். நானோ கறார் பேர்வழி. பெற்றோர் கூட்டத்துக்கு வீட்டிலிருந்து ஒருவர் வந்தே ஆகவேண்டும், இல்லாவிட்டால் இடமில்லை என்று முன்கூட்டியே கடிதம் அனுப்பியிருந்தேன்.

கூட்டத்தன்று ஒரு மாணவி மட்டும் தனியாக வந்து நின்றாள். விஞ்ஞானத்தில் நல்ல பெறுபேறு எடுத்தவள். அப்பா உயிரோடு இல்லை. அம்மா குவைத்தில் வீட்டு வேலை. வளர்க்கும் சித்தி கொழுந்து பறிக்கப் போயிருந்தார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. வாய் சும்மா இருக்குமா? "அம்மாமாரு வெளிநாடு போனா இப்படித்தான். புள்ளைங்களக் கவனிக்க ஆளில்ல" என்று மண்டபத்துக்கே கேட்கும்படி சொன்னேன். பட்டியலில் அவள் பெயரை வெட்டப் பேனாவையும் எடுத்துவிட்டேன்.

அவளோ கைக்குள் வைத்திருந்த சித்தியின் போனை மேசையில் வைத்தாள். பாடசாலைக்குப் போன் கொண்டு வந்ததற்கும் சேர்த்துத் திட்ட வாயெடுத்தபோது அதிலிருந்து ஒரு குரல் கேட்டது.

"கட் பண்ணிறாதீங்க டீச்சர். நான் அவ அம்மா பேசுறேங்க. இங்க இந்த வீட்டுப் புள்ளைய தெனமும் ஸ்கூல்ல விட்டுட்டுக் கூட்டிட்டு வாறது நான்தான். என் புள்ளைக்கு இந்த ஒரு கூட்டத்துக்கு நான் வந்ததா எடுத்துக்கக் கூடாதுங்களா?"

நான் சொன்னது முழுவதும் அவர் காதில் விழுந்திருக்கிறது. வெட்கத்தில் எனக்கு முகமெல்லாம் சுட்டது. "பேசுங்கம்மா" என்று மட்டும் சொன்னேன்.

அவர் மன்னிப்பு எதையும் எதிர்பார்க்கவில்லை. நேரே விஷயத்துக்கு வந்தார். "புதன்கிழமை அஞ்சு மணி வரைக்கும் கிளாஸ்னு போட்டிருக்கீங்களாம். எங்க தோட்டத்து மேல் டிவிஷனுக்குக் கடைசி பஸ் நாலு மணிக்கே போயிருமே. பொம்பளப் புள்ளைங்க இருட்டுல எப்படிங்க மலை ஏறிப் போகும்?"

பாடசாலை அதிபரும் நானும் ஆய்வுகூடம், புத்தகம் என்று எல்லாவற்றையும் யோசித்திருந்தோம், பஸ்ஸை யோசிக்கவில்லை. அங்கேயே பேசி, அந்த வகுப்பைச் சனிக்கிழமை காலைக்கு மாற்றினோம். உடனே பின்வரிசையில் ஒரு தகப்பன் எழுந்தார். "அப்படின்னா என் மகளையும் சேத்துக்குங்க டீச்சர். இதுக்காகத்தான் வேணாம்னு இருந்தேன்" என்றார். அன்று மேல் டிவிஷனிலிருந்து மூன்று மாணவிகள் கூடுதலாகச் சேர்ந்தார்கள். அந்தப் பிள்ளையின் பெயருக்கு நேரே, கையெழுத்து வைக்கும் இடத்தில், 'அம்மா வந்தார்' என்று நானே எழுதினேன்.

இப்போதெல்லாம் குவைத்திலும் சவூதியிலும் இருக்கும் அம்மாமாரிடம் கேட்டுத்தான் கூட்டத்துக்கு நாள் குறிக்கிறோம். கூட்டத்தில் போன் வழியே அதிகமாகக் கேள்வி கேட்பவர்களும் அவர்கள்தான். அவர்களுக்குப் பதில் சொல்லிச் சொல்லியே எங்கள் பாடசாலை வளர்ந்துகொண்டிருக்கிறது என்பதை எங்கேயும் தயங்காமல் சொல்வேன்.