தேதி குறிக்காத எண்பத்தைந்து

எடைக்கம்பிக்கு முன்னால் வந்து நின்றதும் டிரைவிங் அக்கா ஒரு கையைத் தூக்கி, நெற்றிக்கு நேரே இல்லாத ஒரு கண்ணாடியைச் சரிசெய்கிறார். பிறகு இடுப்புப் பட்டையை ஒரு துளை இறுக்குகிறார். இடப்பக்கம் ஒரு பார்வை, வலப்பக்கம் ஒரு பார்வை. யாராவது கிட்டத்தில் நின்றால் "கொஞ்சம் ஓரம்" என்கிறார். அதற்குப் பிறகுதான் குனிகிறார். முப்பத்தொரு வருடமாக மற்றவர்களுக்கு வண்டி ஓட்டச் சொல்லிக்கொடுக்கும் உடம்பு அது. எதைத் தொடங்கினாலும் இதை முடிக்காமல் நகராது. வாஷிங் மெஷினைப் போடுவதற்கு முன்னால்கூட அம்மா இரண்டு பக்கமும் பார்த்துக்கொள்வார் என்று அவருடைய மகள் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

வயது அறுபத்திரண்டு. கழுத்தளவு வெட்டிய நரைமுடி. உயரம் போதாது என்று இருக்கையில் ஒரு திண்டு போட்டுக்கொண்டுதான் காரில் உட்காருவார். உட்காருவது எப்போதும் ஓட்டுபவரின் பக்கத்து இருக்கையில். அங்கே அவருடைய காலடியில் இரண்டாவதாக ஒரு பிரேக் இருக்கும். நானும் அவரிடம்தான் கற்றுக்கொண்டேன், நாற்பத்தெட்டு வயதில். நாற்சந்தியின் நடுவில் வண்டியை நிறுத்திவிட்டு, நாலு திசையிலும் ஹாரன் அலற, வியர்த்துக்கொண்டிருந்தேன். அக்கா தண்ணீர் பாட்டிலை நீட்டினார். "வண்டிதானே நின்னுது? உலகம் நிக்கலையே. குடிச்சிட்டு ஸ்டார்ட் பண்ணுங்க."

பகல் முழுவதும் அப்படி உட்கார்ந்தே இருந்ததில் ஐம்பத்தைந்தாவது வயதில் முதுகு பிடித்துக்கொண்டது. முதுகைப் பலப்படுத்து என்று மருத்துவர் சொல்ல, சலவைக் கடைக்கும் பூட்டுக்காரர் கடைக்கும் நடுவே இருக்கும் இந்தச் சின்ன உடற்பயிற்சிக்கூடத்துக்குள் நுழைந்தார். அங்கே அவருக்குப் பிடித்துப்போனது டெட்லிஃப்ட். தரையில் கிடக்கும் எடைக்கம்பியைக் குனிந்து பிடித்து, முட்டியும் இடுப்பும் நிமிரும்வரை தூக்கி நின்று, திரும்பத் தரையில் வைப்பது. அவ்வளவுதான். "இதுல ஏமாத்த முடியாதுங்க. தூக்கினா தூக்கினது, இல்லேன்னா இல்ல. பாதி பாஸுன்னு கிடையாது" என்பார். அவருடைய கணவருக்கு அந்தப் பெயரே ஆகவில்லை. "பேர்லயே சாவை வெச்சிருக்கான். வேற ஏதாவது செய்யக்கூடாதா?" என்று ஆரம்பத்தில் கேட்டிருக்கிறார்.

கணவர் போட்டோக்காரர். கடைத்தெருவில் சொந்தமாக ஸ்டூடியோ வைத்திருந்து, பாஸ்போர்ட் படங்களாகவே எடுத்துத்தள்ளி ஓய்வு பெற்றவர். பேச்சு குறைவு. யாரைப் பார்த்தாலும் முகவாயை லேசாகத் தூக்கச் சொல்வதுபோல ஒரு விரல் மட்டும் தானாக உயரும்.

பயிற்சியாளருக்கு வயது நாற்பது இருக்கும். அவரும் அக்காவிடம் வண்டி பழகியவர். மூன்றாவது முயற்சியில் லைசென்ஸ் வாங்கியவர். அதனால் கூடத்துக்குள் அவர் அக்காவை "டீச்சர்" என்பார், அக்கா அவரை "மாஸ்டர்" என்பார். யார் யாருக்கு வாத்தியார் என்று புதிதாக வருகிறவர்கள் கொஞ்ச நாள் குழம்புவார்கள்.

வெறும் கம்பியில் ஆரம்பித்தவர் ஐந்து வருடத்தில் தொண்ணூறு கிலோவுக்கு வந்துவிட்டார். தொண்ணூறுக்கு வந்தவருக்கு நூறு கண்ணில் படாமல் இருக்குமா? கம்பியின் இரண்டு முனையிலும் இரண்டிரண்டு பெரிய தட்டுகள் மாட்டினால் கச்சிதமாக நூறு. பார்ப்பதற்கும் அழகு. தன் அறுபதாவது பிறந்தநாளுக்கு நூறு என்று அக்கா தேதி குறித்தார். "இப்பவே தேதி வேணாமே டீச்சர்" என்று மாஸ்டர் தலையைச் சொறிந்தார். அக்கா காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அன்றைக்கு மகள், மருமகன், டிரைவிங் ஸ்கூல் ஆட்கள் என்று ஒரு கூட்டமே வந்திருந்தது. முந்தின வாரம் முழுக்க அக்காவுக்குச் சளி. தூக்கம் சரியில்லை. எல்லோரும் காத்திருக்கிறார்களே என்று, உடம்பைச் சூடாக்கும் பயிற்சிகளையும் பாதியில் முடித்துக்கொண்டார். கணவர் கேமராவுடன் எதிரே உட்கார்ந்திருந்தார். கம்பி கிளம்பியது. முட்டி வரைக்கும் வந்தது. அங்கே நின்றுவிட்டது. ஸ்டூடியோவில் வாழ்நாள் முழுக்கச் சொன்ன வார்த்தை கணவரின் வாயிலிருந்து தன்னாலே வந்தது: "இன்னும் கொஞ்சந்தான்! இன்னும் கொஞ்சம்!" அக்கா விட்டிருக்க வேண்டும். விடவில்லை. முதுகு வில்லாக வளைவதை நான் ஓரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். கம்பி பெரிய சத்தத்தோடு விழுந்தது. அக்கா, குனிந்த நிலையிலேயே, நிதானமாகச் சொன்னார்: "நிமிர முடியல. யாரும் என்னைத் தொடாதீங்க."

ஆறு வாரம் படுக்கை. காலுறையைக் கணவர்தான் மாட்டிவிட்டார். ஏழாவது வாரம் வேலைக்குப் போனார். முதல் நாளே, வண்டியைப் பின்னால் எடுத்து நிறுத்தக் கற்றுக்கொள்ளும் ஒரு பெண்மணி வந்துசேர்ந்தார். பக்கத்தில் இருப்பவர் இடுப்பைத் திருப்பிப் பின் கண்ணாடி வழியாகப் பார்க்காமல் அந்தப் பாடத்தை நடத்த முடியாது. அக்கா திரும்பிப் பார்த்தார். பாதியில் முதுகு பூட்டிக்கொண்டது. "ஒரு நிமிஷம்மா, வண்டியை ஆஃப் பண்ணுங்க" என்று இறங்கி, வண்டிக்குப் பின்னால் நடந்துபோய் நின்று, கையைக் காட்டிக் காட்டி அந்தப் பாடத்தை முடித்தார். ஒரு வாரம் அப்படியே ஓடியது. பிறகு டிரைவிங் ஸ்கூல் முதலாளி, மனம் நோகாதபடிதான், கேட்டார்: "ஆபீஸ்ல உட்கார்ந்து ஃபாரம் பாத்துக்கறீங்களாக்கா? வெயில்ல எதுக்கு அலையறீங்க?"

"எனக்கு அழுகையே வரலீங்க" என்று அதைப் பற்றி அக்கா என்னிடம் பின்னாளில் சொன்னார். "கோபந்தான் வந்துச்சு. அவர்மேல இல்ல. என்மேல. முப்பது வருஷமா ஊருக்கெல்லாம் சொன்னதை நானே செய்யலையே."

அடுத்த திங்கட்கிழமை கூடத்துக்கு வந்தார். மாஸ்டர் மேசைக்குப் பின்னால் இருந்தார். நான் டிரெட்மில்லில் நடந்துகொண்டிருந்தேன். பேச்சு காதில் விழுந்தது.

"மாஸ்டர், எவ்வளவு நாள்ல தொண்ணூறுக்குத் திரும்பலாம்?"

"நான் மூணு தடவை டெஸ்டுக்குப் போனேனே, முதல் தடவை ஏன் ஃபெயிலானேன், ஞாபகம் இருக்கா டீச்சர்?"

"கல்யாணத்தன்னிக்குப் பொண்டாட்டியைக் கார்ல கூட்டிட்டுப் போகணும்னு, வண்டி பழகறதுக்கு முன்னாடியே தேதி வாங்கிட்டு வந்தே."

"அப்ப என்ன சொன்னீங்க?"

அக்கா ஒரு நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். "டெஸ்ட் தேதியை நான் சொல்றேன், நீ சொல்லாதேன்னேன்."

"அதேதான். தேதியை உங்க முதுகு சொல்லட்டும்."

"நூறு?"

"மீட்டர்ல நூறு போட்டிருக்குங்கறதுக்காக நூறுல போவீங்களா? இதுவும் நீங்க சொன்னதுதான்."

அக்கா சிரித்துவிட்டார். "படுபாவி, ஒண்ணையும் மறக்கலையே நீ."

அன்றைக்கு இருவரும் உட்கார்ந்து பேசியதில் இலக்கு எண்பத்தைந்து என்று முடிவானது. அறுபது வயதுக்கு முன்னால் தூக்கியது எதையும் கணக்கில் சேர்ப்பதில்லை. நாற்பத்தைந்து கிலோவில் தொடங்குவது. ஐந்து முறை தூக்கினால் ஐந்தாவது முறையும் முதல் முறை மாதிரியே இருக்க வேண்டும். இழுத்துப்பறித்து மேலே கொண்டுவருவது செல்லாது. எடை கூட்டுவதென்றால் இருப்பதிலேயே குட்டித் தட்டு, பக்கத்துக்கு ஒன்று. எல்லாவற்றுக்கும் மேலே ஒன்றை அக்காவே சொன்னார். "எவ்வளவு தூக்கினேங்கறது இங்க தெரிய வேணாம் மாஸ்டர். மறுநாள் காலையில கார்ல உட்கார்ந்து பின்னால திரும்பிப் பார்க்கறேன் பாருங்க, அப்பத் தெரியும். திரும்ப முடிஞ்சா பாஸ். முடியலையா, எடை ஜாஸ்தி."

இப்படிச் சில மாதங்கள். கூடத்தில் அவரைச் சீண்டிப் பார்க்கவும் ஆள் இருந்தது. ஓய்வு பெற்ற வங்கிக்காரர் ஒருவர், முப்பத்தைந்து வயதில் நூற்றுப்பத்து தூக்கியதாக வாரம் ஒருமுறையாவது சொல்லிவிடுவார். எங்களுக்குள் அவர் பெயரே 'நூத்திப்பத்து'. "என்ன மேடம், நீங்க இன்னும் அம்பதுலயேவா?" என்று ஒருநாள் கேட்டார். "ஆமாங்க, குடியிருப்புப் பகுதி, மெதுவாத்தான் போகணும்" என்றார் அக்கா. அவர் அந்தப் பக்கம் போனதும் என்னிடம் கண்ணைச் சிமிட்டினார். "வண்டியை வித்து முப்பது வருஷமாச்சு. இன்னும் மைலேஜ் சொல்லிட்டிருக்காரு."

சில நாள் வந்து நின்று, கம்பியைத் தொட்டுப் பார்த்து, "இன்னிக்கு ரோடு ஈரம், மாஸ்டர்" என்பார். தூக்கம் சரியில்லை, முட்டி முனகுகிறது, மனசு எங்கோ இருக்கிறது, எதுவாக இருந்தாலும் அந்த ஒரு வார்த்தைதான். மாஸ்டர் மறுபேச்சில்லாமல் தட்டுகளைக் கழற்றுவார். எழுபதிலிருந்து அறுபதுக்கு இறங்கி, அதையும் ஒழுங்காகச் செய்துவிட்டுப் போவார். முதலில் அப்படி இறங்கிய நாள்களில் அவர் முகம் சுருங்கியது உண்மை. துண்டால் முகத்தைத் துடைக்கிற சாக்கில் வெகுநேரம் மூடிக்கொண்டு நிற்பார். நாளடைவில் அதுவும் போய்விட்டது. ஒருமுறை எழுபத்தேழரையில் ஆறு வாரம் அப்படியே நின்றார். "சிக்னல் விழலை. அதுக்காக இடிச்சிட்டுப் போக முடியுமா?"

இதற்கிடையில் ஆபீஸ் மேசையை விட்டு, காரில் தன் இருக்கைக்குத் திரும்பிவிட்டிருந்தார். ஃபாரம் நிரப்ப வேறொருவர் வந்துவிட்டார். எழுபதைத் தூக்கிய மறுநாள் காலை, பாடத்துக்குப் போகும் வழியில் என்னைத் தெருவில் பார்த்து வண்டியை நிறுத்தச் சொன்னார். உட்கார்ந்தபடியே முழுதாகப் பின்னால் திரும்பிக் காட்டினார். ஓட்டிக்கொண்டிருந்த இளைஞருக்கு ஒன்றும் புரியவில்லை.

இன்னும் திரும்பாதவர் ஒரே ஒருவர்தான். கணவர். கூடத்துக்கு வருவார், அவரே கூட்டிக்கொண்டும் வருவார். பையை வைத்துக்கொண்டு வாசல் கண்ணாடிக் கதவை ஒட்டித் தெருவைப் பார்த்தபடி நின்றுவிடுவார். அறுபதாம் பிறந்தநாளுக்குப் பிறகு அவர் இந்தப் பக்கம் முகத்தைத் திருப்பியதில்லை. கம்பி தரையில் உட்காரும் சத்தத்தை மட்டும் எண்ணுவார். ஐந்து சத்தம் கேட்டதும் பையின் ஜிப்பைத் திறந்து துண்டை வெளியே எடுப்பார்.

"நான்தான் இன்னும் கொஞ்சம்னு சொன்னேன்" என்று ஒருநாள் என்னிடம் சொன்னார். அக்காவிடம் அதைக் கேட்டேன். "தெரியும். அவர் சொல்லாட்டியும் நான் விட்டிருக்க மாட்டேன். ஆயிரம் தடவை சொல்லியாச்சு. மனுஷன் கேக்கணுமே. வாயால சொன்னா அவருக்கு ஏறாது" என்றார்.

எண்பத்தைந்து என்று முடிவாகிப் பதினான்கு மாதம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை காலை. கூட்டமில்லை. ஏழெட்டுப் பேர்தான். உடம்பைச் சூடாக்க அக்கா அரைமணி நேரம் எடுத்துக்கொண்டார். அறுபது, எழுபது, எழுபத்தைந்து என்று ஒவ்வொரு முறையாக ஏற்றினார். பிறகு மாஸ்டரைப் பார்த்தார். "ரோடு காஞ்சிருக்கு."

மாஸ்டர் தானே தட்டுகளை மாட்டினார். பெரியது ஒன்று, நடுத்தரம் ஒன்று, சின்னது ஒன்று. அந்தப் பக்கமும் அப்படியே. எண்பத்தைந்து. "ஒரே ஒரு தடவை போதும் டீச்சர்" என்று மட்டும் சொல்லிவிட்டு ஒதுங்கினார். வாசலில் கணவருக்கு யாரும் எதையும் சொல்லவில்லை. ஆனாலும் உள்ளே பேச்சு அடங்கியதில் அவருக்கு என்னவோ தெரிந்திருக்க வேண்டும். பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, தோள்களைக் குறுக்கித் தெருவைப் பார்த்து நின்றார்.

அக்கா குனிந்தார். மூச்சை இழுத்தார். கம்பி தரையைவிட்டு வெகு மெதுவாகக் கிளம்பியது. முட்டியருகே ஒரு கணம் தயங்கினாற்போல் இருந்தது. முதுகு பலகைபோல் நேராகவே இருந்தது. கம்பி முட்டியைத் தாண்டியது. இடுப்பு உள்ளே வந்தது. நிமிர்ந்து நின்றுவிட்டார். முகம் சிவந்திருந்தது. கண் மட்டும் அமைதியாக இருந்தது.

"ஆச்சு! அருமை! இறக்குங்க டீச்சர்" என்றார் மாஸ்டர்.

அக்கா இறக்கவில்லை.

"போதும், இறக்குங்க."

அக்கா வாசலைப் பார்த்தபடி நின்றார். சத்தம் வரக் காத்திருந்த கணவரின் முதுகு வாசலில் அசையாமல் இருந்தது. ஒரு நொடி. இரண்டு. மூன்று. சத்தம் வரவில்லை. பையைப் பிடித்திருந்த கைகள் தளர்ந்தன. கணவர் பதறிப்போய்த் திரும்பினார்.

கைகளில் எண்பத்தைந்து கிலோவுடன் நிமிர்ந்து நின்ற அக்கா, அவர் கண்கள் தன்னைக் கண்டுபிடிக்கும்வரை பொறுத்திருந்தார். பிறகு குனிந்து, கம்பியைச் சத்தமே இல்லாமல் தரையில் வைத்தார்.