சங்கு ஊதியதும் ஓடியவர்கள்

சென்ற வாரம் இலங்கை மலைநாட்டு வட்டவளையில் ஒரு சைரன் ஒலித்ததைக் கேட்டேன். அந்தச் சத்தம் இன்னும் காதைவிட்டுப் போகவில்லை.

அங்கே மலையை வெட்டி ஹோட்டல் கட்டுகிறார்கள். வெட்டிய மண்சுவர் மூன்று மாடி உயரம். வேலைக்கு வருகிறவர்கள் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்து லயங்களில், அந்த வரிசை வீடுகளில், இருப்பவர்கள். மழைக்காலத்தில் இப்படியான இடங்களில் என்ன நடக்கும்? வருடந்தோறும் பத்திரிகையில் படிக்கிறீர்களே!

இங்கே அப்படி நடக்காது என்று காட்டத்தான் இளம் இன்ஜினியர் என்னை அழைத்திருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர். மண்சுவரின் உச்சியில் வரிசையாகக் கம்பிகள். ஒவ்வொன்றிலும் ஒரு சென்சர். மண் நூலளவு அசைந்தாலும் சைரன் அலறும். அவருடைய போனுக்கும் செய்தி வரும்.

"இனி மண் சரிஞ்சு ஒருத்தரும் சாகத் தேவையில்லை, அண்ணை."

எதிர்ப்பக்க வீதியில் குடை பிடித்து நின்றிருந்தோம். சைரன் அலறியது.

சோதனையா என்று கேட்டேன். அவர் போனைப் பார்த்தார். முகம் வெளிறியது.

"இல்லை… இது உண்மை."

வேலையாட்கள் மண்வெட்டிகளைப் போட்டார்கள். நிமிர்ந்தார்கள். ஓடினார்கள் — மண்சுவரை நோக்கி!

காற்றுக்கு மறைவு என்று அந்தச் சுவரின் அடியில்தான் தேநீர்க் கொட்டகை போட்டிருந்தார்கள். தேநீர் கொடுக்கும் ராணி கேத்தலைத் தூக்கி ஊற்றவே தொடங்கிவிட்டார். ஒருவர் பின் ஒருவராக எல்லோரும் உள்ளே.

"வெளிய வாங்கோ! இஞ்சால ஓடி வாங்கோ!" இன்ஜினியர் கத்தினார். யாருக்குக் கேட்கும்? அவர் பொருத்திய சைரன் அவர் குரலையே விழுங்கியது.

கடைசியில் போனைத் தட்டி சைரனை நிறுத்தினார். அதற்குப் பிறகுதான் அவர் கத்தியது கேட்டது.

வந்தார்கள். முணுமுணுத்துக்கொண்டே.

"தேத்தண்ணிய வாயில வைக்க விடமாட்டாங்க போல…"

ராணி கடைசி. கேத்தலை விட்டுவர மனமில்லை. அதைத் தூக்கிக்கொண்டு அவர் வீதியில் ஏறிய பிறகு மண் இறங்கியது. பெரிய சத்தம்கூட இல்லை. தகரக் கூரை காகிதம் போல மடங்கியது. கொட்டகை இருந்த இடத்தில் ஈரமான செம்மண் மட்டும்.



"சைரன் அடிச்சவுடன ஏன் அங்க போனீங்கள்?" இன்ஜினியர் கேட்டார்.

"சங்கு ஊதுனா வேற எங்க சேர் போறது?" என்றார் ராணி. "தோட்டத்துல சங்கு ஊதுனா வேலைக்கு வா, இல்லாட்டி தேத்தண்ணிக்கு வா. இன்னிக்குக் கொஞ்சம் நேரத்தோட ஊதிட்டாங்கன்னு நெனச்சோம். ஓடித் தப்பிச்சுக்கன்னு எந்தச் சங்கும் எங்ககிட்ட சொன்னதில்லைங்க."

"மெசின் பூட்டேக்க மீட்டிங் வச்சனான்…"

வைத்தது உண்மைதான். போனவர்கள் மேற்பார்வையாளர்கள். சுவரின் அடியில் நிற்பவர்களுக்கு யாரும் சொல்லவில்லை.

"எங்கள ஓட வைக்கணும்னா, தோட்டத்துல வேல வாங்குற கண்டாக்கையா ஏசுறத ரெக்கோட் பண்ணிப் போடுங்க சேர்," என்றார் ஒருவர். "மலையே காலியாயிரும்!"

எல்லோரும் சிரித்தார்கள். இன்ஜினியர் சிரிக்கவில்லை. ஒரு சீமெந்து மூட்டையில் உட்கார்ந்துவிட்டார்.

நேற்று அவருக்கு போன் செய்தேன். சைரன் எதற்கென்று இப்போது ஒவ்வொருவருக்கும் சொல்லியாயிற்றாம்.

"எண்டாலும் பழக்கம் காலில எல்லோ இருக்கு, அண்ணை. அதால தேத்தண்ணிக் கொட்டிலையும் வீதிக்கு இந்தப் பக்கம் மாத்திப்போட்டன்."

இனி மண் அசைந்தால் எல்லோரும் தேநீர் குடிக்க ஓடுவார்கள். கேத்தல் மட்டும் காலியாக இருக்கக் கூடாது!