ரோசியின் வாய்க்கு மூன்று இரும்பு

அன்று லாயத்தில் இருந்தவர்கள்: உப்பளத்து சூப்ரண்டு ஐயா, இடது கையில் கட்டோடு. கங்காணி சுடலை அண்ணாச்சி. லாடம் அடிக்கிற மீரான் பாய். ரோசி என்கிற பெட்டைக் குதிரை. குதிரைக்காரன் நான்.

அது யுத்த காலம். பெட்ரோல் கிடையாது. ஐயா குதிரையில்தான் பாத்திகளைச் சுற்றிப் பார்ப்பார். வரப்பு மூன்று முழ அகலம். இரண்டு பக்கமும் உப்புத் தண்ணீர். முந்தின வாரம் அந்த வரப்பில் ரோசி தலையை உதறிக்கொண்டு தறிகெட்டு ஓடியது. ஐயா பாத்திக்குள் விழுந்தார். தோள் எலும்பு முறிந்தது.

நானும் ரோசியும் ஒரே வாரத்தில் அங்கே வந்தோம். ஐந்து மாதம் ஆகியிருந்தது. வந்தபோது சாதுவான குதிரை. வாயில் ஸ்னாஃபிள் போட்டிருந்தார்கள். நடுவில் மூட்டு வைத்த சாதாரண இரும்பு அது. இரண்டாம் மாதம் தலையை உதற ஆரம்பித்தது. கர்ப் என்கிற கடிவாளம் போட்டோம். அதற்குத் தாடைக்குக் கீழே சங்கிலி உண்டு. வாரை இழுத்தால் நெம்பும். பத்து நாள் அடங்கியது. பிறகு முன்னைவிட மோசம்.

மீரான் பாய் மூன்றாவது இரும்பைக் கொண்டு வந்திருந்தார். முள் கடிவாளம். நாக்கில் படுகிற இடத்தில் முள்.

"இதப் போட்டா ரயில் எஞ்சினே நிக்கும்" என்றார்.

"இதுக்கும் நிக்கலைன்னா?" என்று ஐயா கேட்டார்.

"வித்துருவோம் ஐயா" என்றார் சுடலை அண்ணாச்சி.

"வாங்குதவனுக்கு எலும்பு இல்லையா? இதுக்கும் நிக்கலைன்னா வாட்ச்மேன் துப்பாக்கியக் கொண்டாரச் சொல்லும். சுட்டுருவோம்" என்றார் ஐயா.

"வாயைப் பாத்துட்டுப் போடலாம் ஐயா" என்றேன்.

"அஞ்சு மாசமா எதப் பாத்துட்டுக் கெடந்தே? வாலையா?" என்றார் பாய்.

நாக்கைப் பக்கவாட்டில் வெளியே இழுத்துப் பிடித்தால் குதிரை வாயை மூடாது. பிடித்தேன். உதட்டு ஓரம் இரண்டும் வெடித்திருந்தது. முன்பல்லுக்கும் கடைவாய்ப் பல்லுக்கும் நடுவே பல் இல்லாத ஈறு இருக்கும். இரும்பு உட்காருவது அங்கேதான். அந்த இடம் பச்சைப் புண். பாய் விரலை விட்டுப் பல்லைத் தடவினார். பல்லில் கோளாறு இல்லை.

எனக்கு இரண்டு கையும் வேலையாக இருந்தது. கழற்றின கர்ப் இரும்பைக் கீழே போடாமல் என் வாயில் கவ்விக்கொண்டேன்.

உப்பு. வியர்வை உப்பு இல்லை. பாத்தியில் உப்பு வாரின பிறகு மிஞ்சுகிற தண்ணீரின் கசப்பு. என் வாயில் புண் இல்லை. இருந்தும் எரிந்தது.

காரணம் அப்போதே எனக்குப் புரிந்தது. அங்கே நல்ல தண்ணீர் வண்டியில் வரும். குதிரைக்கு நான்கு குடம், எனக்கு ஒரு குடம். உப்பளத்தில் எல்லாரும் கை கால், சட்டி பானை எல்லாம் பாத்தித் தண்ணீரில்தான் கழுவுவார்கள். நானும் கடிவாளத்தை அதிலேயே கழுவினேன். தினமும் கழுவினேன். காய்ந்ததும் இரும்பில் உப்பு பூத்து நிற்கும். அதைத்தான் மறுநாள் மாட்டினேன். சுத்தமாக வைத்திருக்கிறேன் என்று நினைத்திருந்தேன்.

சொன்னேன்.



"அப்ப என் எலும்ப ஒடிச்சது குதிர இல்ல" என்றார் ஐயா.

"இல்லை ஐயா."

"மறைக்கவாவது செஞ்சிருக்கலாம்லா, கோட்டிப்பயலே" என்றார் சுடலை அண்ணாச்சி.

ஐயா எழுந்தார். "இருவது நாள் தாரேன். அதே வரப்புல நீ ஏறி மதகு வரைக்கும் போய்த் திரும்பணும். அஞ்சு தடவைக்கு மேல தலைய உதறினா குதிரையும் இல்ல, ஒனக்கு வேலையும் இல்ல. சுடலை, நீரு எண்ணும்."

இருபது நாளும் வாயில் இரும்பு போடவில்லை. மூக்கைச் சுற்றிக் கயிற்று வார் மட்டும். என் குடத்துத் தண்ணீரில் துணி நனைத்துப் புண்ணைத் துடைத்தேன். ஈர்க்குச்சியை வாயில் குறுக்கே வைத்து அளவெடுத்தேன். உதட்டுக்கு வெளியே இரண்டு பக்கமும் சுண்டுவிரல் கனம் மிச்சம் நிற்க வேண்டும். அந்த அளவில் புது ஸ்னாஃபிள் கேட்டேன். மூட்டு இல்லாமல், பெருவிரல் தடிமனில்.

"இம்புட்டுத் தடியாவா? மெலிசா இருந்தாத்தானே நோவாது" என்றார் பாய்.

"வாளியத் தூக்கிப் பாருங்க பாய். கம்பிப் பிடி கைய அறுக்கும். கட்டைப் பிடி அறுக்காது."

பக்கத்தில் இருந்த வாளியைத் தூக்கிப் பார்த்தார். அடித்துக் கொடுத்தார்.

"முள்ளு வச்சத நான் என்ன செய்ய?" என்று கேட்டார்.

"ஒங்க வாயில வச்சுப் பாருங்க" என்றேன். ஏலே என்று கையை ஓங்கினார். அடிக்கவில்லை.

இருபத்தோராம் நாள் காலை வரப்புக்கு எல்லாரும் வந்தார்கள். வாட்ச்மேனும் துப்பாக்கியோடு வந்தார். நான் ஏறும் முன் அந்தப் புது இரும்பை நல்ல தண்ணீரில் கழுவி, என் வாயில் வைத்துப் பார்த்து, பிறகு ரோசிக்கு மாட்டினேன். சிரித்தார்கள். அதற்குப் பிறகு நான் வேலை பார்த்த எல்லா லாயத்திலும் அப்படித்தான் செய்தேன். அங்கேயும் சிரித்தார்கள். குதிரை வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்ல இருப்பது அவ்வளவுதான். கடினமான இரும்பைத் தேடுவதற்கு முன் இருக்கிற இரும்பை உங்கள் வாயில் வையுங்கள்.

வாரைத் தளர்த்திப் பிடித்தேன். மதகு வரை போனோம். திரும்பினோம். சுடலை அண்ணாச்சி கரையில் நின்று சத்தமாக எண்ணினார்.

போகும்போது இரண்டு. வரும்போது ஒன்று.

மூன்று.